எந்தக் கொலிஜ்?

"அப்ப இவ்வளவு காலமும் இவன் போனது எங்க பிள்ளை?"

மகனின் வெளிநாட்டு வேலை விண்ணப்பப் போம் நிரப்ப வந்த அந்த அம்மா கோபத்தில் கேட்கவில்லை. விளங்காமல்தான் கேட்டா. "அது எங்கட நாட்டுக் கொலிஜ் அம்மா, இவங்கள் கேக்கிறது வேற" என்றேன். நான் போம் நிரப்பிக் கொடுக்கிற கடையில் இருக்கும்வரை அந்தப் பதில் சரியாகத்தான் தெரிகிறது. வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு நிற்கும்போதுதான் இடறுகிறது.

கட்டாரில் ஒரு ஹோட்டலுக்கு, ரெஸ்டோரன்ட் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஏஜென்சி அனுப்பிய போம் அது. இந்த மாதிரிப் போம் வராத கிழமை எங்கள் கடைக்கு இல்லை. பெயர், பாஸ்போட் இலக்கம், உயரம், நிறை எல்லாம் அடித்துக்கொண்டு வந்து படிப்பில் நின்றேன். மூன்று பெட்டிகள்: ஹை ஸ்கூல், கொலிஜ், யுனிவர்சிற்றி. ஒன்றுக்குத்தான் சரி போடலாம். பையன் உயர்தரப் பரீட்சையில் (ஏ.எல்.) கலைப் பிரிவு, மூன்று பாடமும் சித்தி. பல்கலைக்கழகத்துக்கான வெட்டுப்புள்ளி காணாமல் கம்பஸ் கிடைக்கவில்லை. அவனைக் கேட்காமலே மவுஸை ஹை ஸ்கூலுக்குக் கொண்டுபோனேன். கேட்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

தாய்க்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல்லின் வடிவம் தெரிந்திருந்தது. மகனின் டையில் இருந்த சொல், பரிசளிப்பு விழா அழைப்பிதழில் இருந்த சொல். பிளாஸ்டிக் உறையிலிருந்து அதிபர் கொடுத்த நற்சான்றிதழை எடுத்தா. எடுக்கும் முன் விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டா. கடிதத்தின் தலைப்பில் இலச்சினை, அதன் கீழே நீல மையில் பாடசாலையின் பெயர். கடைசிச் சொல்லைக் கட்டைவிரலால் காட்டி, கடிதத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தா. "இங்க பார் பிள்ளை, ரெண்டு எல்லும் பக்கத்துப் பக்கத்தில நிக்குது. ரெண்டும் ஒண்டுதானே?"

ஒன்றுதான். அதை நான் எப்படி மறுப்பது?

திருகோணமலையில் இந்துக் கல்லூரி, சண்முகா இந்து மகளிர் கல்லூரி, சூசையப்பர் கல்லூரி, மரியாள் கல்லூரி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்லூரிதான். ஆறாம் தரத்துக்குப் புத்தகப் பை இழுத்துக்கொண்டு போகிற பிள்ளையும் கல்லூரி மாணவன்தான். இது எங்கள் ஊர் ஆட்கள் பெருமைக்கு வைத்துக்கொண்ட பெயரும் இல்லை. இங்கிலாந்தில் 1440இல் தொடங்கிய ஈட்டன் கொலிஜ் 13 வயதுப் பையன்களைச் சேர்க்கிற பாடசாலை. அந்த வழக்கத்தில்தான் கொழும்பு அக்கடமி 1881இல் றோயல் கொலிஜ் ஆனது. மிஷன் பாடசாலைகளும் இந்துப் பாடசாலைகளும் அதே பெயரைத்தான் எடுத்துக்கொண்டன. இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் கன்னங்கரா ஊருக்கு ஊர் மத்திய பாடசாலை திறந்தபோது அதுவும் மத்திய கல்லூரி ஆயிற்று. அந்த அம்மாவின் அப்பாவுக்கு எட்டாத ஒரு வாசல், மகனுக்குத் திறந்த வாசல். நான் மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தியதில் அந்த வாசல் ஹை ஸ்கூல் ஆகிவிட்டது.

ஆனால் நான் நகர்த்தியதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் போமை யார் வாசிப்பார்? வளைகுடா ஹோட்டல்களில் ஆள் எடுக்கும் மேசைகளில் இந்தியர்கள் இருப்பார்கள், பிலிப்பைன்ஸ்காரர் இருப்பார்கள். இரண்டு பேருக்கும் கொலிஜ் என்றால் பட்டப்படிப்பு. சென்னையில் ஒரு பையன் காலேஜ் போகிறேன் என்றால் பி.ஏ.யோ பி.எஸ்.சி.யோ படிக்கிறான் என்று அர்த்தம். அமெரிக்கர் யுனிவர்சிற்றிக்குப் போனாலும் கொலிஜுக்குப் போவதாகத்தான் சொல்வார். கனடாவில் போய் அதே சொல்லைச் சொன்னால் பெரும்பாலும் டிப்ளோமா படிக்கிற இடம், யுனிவர்சிற்றிக்கு ஒரு படி கீழே. பிரான்சிலிருந்து வரும் உறவுக்காரர், மகள் "கொலேஜ்" போகிறாள் என்பார்கள். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும், அங்கே அது நடுநிலைப் பள்ளி. இதையெல்லாம் போம் நிரப்பி நிரப்பித்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு தெரியாத மாதிரிச் சரி போட முடியுமா? நேர்முகத்தில் டிகிரி எங்கே என்று கேட்டால் அந்தப் பையன்தானே தலை குனிந்து நிற்பான்? பிழையான தகவல் கொடுத்ததாகக் கண்டால் கனடா ஐந்து வருடத்துக்கு உள்ளே எடுக்காது. அது கட்டார் ஹோட்டல் போமுக்குப் பொருந்தாத சட்டம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அன்று அந்த அம்மாவுக்கு அதைத்தான் எடுத்துச் சொன்னேன். கனடா என்றதும் அவ அடங்கிப்போனா.

இங்கேதான் எனக்கு என் மேலேயே சந்தேகம். விளக்கி அடக்கினேனா, வெருட்டி அடக்கினேனா?

இன்னொன்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் பதினாறு வயதுக்குப் பிறகு ஏ லெவல் படிக்கிற பிள்ளைகள் பலர் சிக்ஸ்த் போம் கொலிஜ் என்ற இடத்துக்குத்தான் போகிறார்கள். "ஐ வென்ட் டு கொலிஜ்" என்று சொன்னால் அங்கே யாரும் டிகிரி கேட்கமாட்டார்கள். எங்கள் ஏ.எல். அங்கிருந்து வந்த பரீட்சைதான். அப்படிப் பார்த்தால், ஏ.எல். சித்தியடைந்த இந்தப் பையன் கொலிஜ் பெட்டியில் சரி போட்டிருந்தால் இலங்கைக் கணக்கிலும் சரி, இங்கிலாந்துக் கணக்கிலும் சரி. சொல்லைப் பெற்றெடுத்தவர்களின் கணக்கில் சரியாக இருந்ததை, அதைப் பிறகு வேறு விதமாக எடுத்துக்கொண்டவர்களின் கணக்கில் பிழை என்று முடிவெடுத்தது நான். அதற்கு எனக்கு யார் அதிகாரம் தந்தது? போம் நிரப்ப வாங்கிய காசா?

இதைவிட மோசம் வெல்டிங் படித்த ஒருவரின் போம். தொழில்நுட்பக் கல்லூரியில் ஆறு மாதச் சான்றிதழ், சாதாரண தரம் (ஓ.எல்.) சித்தியில்லை. அவருக்கு யோசிக்காமல் கொலிஜ் என்று சரி போட்டேன், ஏனென்றால் அது நிஜமாகவே பாடசாலைக்கு வெளியே, தொழில் படிக்கிற இடம். கனடாக்காரர் சொல்கிற கொலிஜுக்குக் கிட்ட வரும். இப்போதும் அது சரி என்றுதான் சொல்வேன். ஆனால் இரண்டு போமையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆறு மாதம் படித்தவர் கொலிஜ், பதின்மூன்று வருடம் படித்துப் பரீட்சையும் சித்தியடைந்தவன் ஹை ஸ்கூல். இந்தக் கணக்கை அந்த அம்மாவிடம் சொல்லி நியாயப்படுத்த எனக்கு வாய் வராது.

இந்தச் சொல் எங்கள் நாட்டிலேயே ஒரு இடத்தில் நின்றதில்லை. 1921இல் கொழும்பில் யுனிவர்சிற்றி கொலிஜ் தொடங்கியது. அங்கே படித்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகப் பட்டத்துக்குத் தோற்றினார்கள். 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகத்துக்குள் போனது. இன்று பல்கலைக்கழகக் கல்லூரி என்றால் உயர் தேசிய டிப்ளோமா. ஆசிரியராக வரப்போகிறவர் போவது தேசிய கல்வியியற் கல்லூரி. இவை எல்லாவற்றுக்கும் போமில் ஒரே ஒரு பெட்டிதான். லண்டனில் கிங்ஸ் கொலிஜ் ஒரு பல்கலைக்கழகம், அமெரிக்காவில் பொஸ்டன் கொலிஜ் கலாநிதிப் பட்டமே கொடுக்கிறது. அங்கே படித்த ஒருவர் வந்தால் எந்தப் பெட்டி என்று என்னைக் கேட்காதீர்கள். அவர்கள் எங்கள் கடைக்கு வரப்போவதில்லை என்பது ஒரு நிம்மதி.

அன்று தாய்க்கும் எனக்கும் இடையில் பையன் சொன்னது ஒரே வசனம். "அக்கா சொல்றபடியே போடுவம், அம்மா." மூன்று பாடம் சித்தியடைந்த பிள்ளை, தான் படித்த இடம் எது என்பதை நான் சொன்னபடி ஒத்துக்கொண்டான். அவன் என்னோடு வாதாடியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தாய் வாதாடியதால்தான் அவவின் முகம் மட்டும் உறுத்தாமல் நிற்கிறது.

ஏஜென்சியிலிருந்து அவனுக்கு அழைப்பு வரவில்லை. அதே வருடம் உயர்தரம் எடுத்த இன்னொரு பையன் கிண்ணியாவில் ஒரு கடையில் போம் நிரப்பி, கொலிஜ் பெட்டியில் சரி போட்டு, போய்விட்டானாம். இதைச் சொன்னது அந்த அம்மாதான், அரசாங்கத்தின் ஆஸ்வெசும உதவிப்பணப் போம் போட்டோகொப்பி எடுக்க வந்தபோது. குற்றம் சொல்லிச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னா. அந்தப் பையன் முதலே நிலாவெளியில் ஹோட்டல் வேலை செய்தவன், அதனால் எடுத்திருப்பார்கள் என்று நான் சொன்னேன். அதுவும் உண்மைதான். உண்மையாக இருப்பதால் மட்டும் சொன்னேனா என்பது வேறு கேள்வி.

அதற்குப் பிறகு வேறொருவருக்காக அந்த ஏஜென்சிக்கே ஒரு மின்னஞ்சல் போட்டேன். இலங்கையில் கொலிஜ் என்ற பெயருள்ள பாடசாலையில் உயர்தரம் சித்தியடைந்தவர் எந்தப் பெட்டியில் சரி போட வேண்டும் என்று நேராகவே கேட்டேன். பதில் ஒரே வரியில் வந்தது: உங்கள் நாட்டு முறைப்படி நிரப்புங்கள்.

இந்த வரியை எத்தனை விதமாக வாசிக்கலாம்! எங்கள் நாட்டு முறையில் அது கொலிஜ்தான் என்று அந்த அம்மா சொல்வா, நான் மறுக்க முடியாது. எங்கள் நாட்டு முறையில் உயர்தரம் பாடசாலைக் கல்விதான் என்று கல்வி அமைச்சின் எந்தச் சுற்றறிக்கையை எடுத்தாலும் காட்டலாம், அதையும் அவ மறுக்க முடியாது. பதில் எழுதியவருக்கு என் கேள்வி விளங்கவில்லை என்பதுதான் என் எண்ணம். விளங்கியிருந்தால் அவரும் என்னைப் போலவே மவுஸைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றிருப்பார்.

போன கிழமையும் ஒரு பிள்ளை வந்தாள், உயர்தரம் வர்த்தகப் பிரிவு. பெட்டியைக் காட்டி எது என்று அவளையே கேட்டேன். "உங்களுக்குத் தெரியும்தானே அக்கா" என்றாள். ஹை ஸ்கூலுக்குச் சரி போட்டேன். கீழே குறிப்புக்கு விட்டிருந்த இடத்தில், அவள் படித்த கல்லூரியின் பெயரைக் கடைசிச் சொல் வரைக்கும் முழுதாக அடித்தேன். அந்த இடத்தை அங்கே யாரும் வாசிப்பார்களா என்று அவள் கேட்டாள். வாசிப்பார்கள் என்றேன்.