சீட் இல்லைன்னு வந்தாச்சு: மனுப் போடலாமா, விட்டுடலாமா?

கவுன்சிலிங் நேரத்தில் ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் எந்த வீட்டில் கால் வைத்தாலும் இரண்டு கேள்விதான் காதில் விழும். "கட் ஆஃப் எவ்வளவுங்க?" என்பது ஒன்று. கேட்ட இடம் கிடைக்காத வீடாக இருந்தால், "மேல எங்கியாச்சும் மனுப் போட்டா நடக்குமுங்களா?" என்பது மற்றொன்று. எதனால் கிடைக்கவில்லை என்று பார்க்காமல் இரண்டாவதற்குப் பதில் சொல்ல முடியாது. மதிப்பெண் பத்தாமல் போனதற்கு மேல்முறையீடு என்று எதுவும் கிடையாது. பதிவில் தப்பு விழுந்து, அந்தத் தப்பால் இடம் போயிருந்தால் உண்டு. ஆனால் அதற்குச் சில நாள்தான் அவகாசம். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

பொறியியலில் இருந்து தொடங்கலாம், நம் பக்கம் கூட்டம் அங்கேதான். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தரவரிசைப் பட்டியல் வந்ததும், குறை சொல்வதற்கு என்று சில நாள் கொடுப்பார்கள். மனு உண்மையில் வேலை செய்யும் இடம் அதுதான். ரேங்க் நம்பரைப் பார்த்துவிட்டு லாகினை மூடிவிடாமல் ஒவ்வொரு கட்டத்தையும் சான்றிதழோடு வைத்து ஒப்பிட வேண்டும். கட் ஆஃப் என்பது கணிதம் நூற்றுக்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி, மொத்தம் 200. கணிதம் 86, இயற்பியல் 91, வேதியியல் 94 என்றால் 86, 45.5, 47 சேர்ந்து 178.5 வர வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் கட் ஆஃப் அரை அரையாகத்தான் நகரும் என்பதால் ஒரே எண்ணில் பெரிய கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் யார் முன்னால் என்பதை கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் என்று வரிசையாகப் பார்த்து, எல்லாம் சமமானால் வயதில் மூத்தவருக்கு முன்னிடம் தந்து, கடைசியில் கணினி தரும் ரேண்டம் எண்ணைத் தொடுவார்கள். அதனால் பிறந்த தேதி தப்பாக ஏறியிருந்தால்கூட ரேங்க் நகரும். "தேதிதானே, அப்புறம் மாத்திக்கலாம்" என்று விடக் கூடாது.

அடுத்தது சாதிப் பிரிவு. சான்று சரியாகப் பதிவேறவில்லை என்றால் பொதுப் பிரிவில் வைத்துவிடுவார்கள். இங்கே நம் பக்கத்துக்கே உரிய ஒரு குழப்பம் இருக்கிறது. டி.சி.யில் வெறுமனே "கவுண்டர்" என்று எழுதியிருக்கும். வெள்ளாளக் கவுண்டர் கொங்கு வேளாளர் என்ற தலைப்பில் பி.சி. பட்டியலில் வருகிறார், வன்னியக் கவுண்டர் எம்.பி.சி. பட்டியலில் வருகிறார். சான்றில் இருப்பதும் விண்ணப்பத்தில் தேர்ந்தெடுத்ததும் வேறு வேறாக இருந்தால் சரிபார்ப்பில் நிற்கும். இதைச் சான்றோடு கலந்தாய்வு உதவி மையத்துக்கு உடனே போய்ச் சொன்னால் சரியாகக்கூடிய தப்பு. ஆனால் ஒதுக்கீட்டு ஆணையில் "ஓ.சி." என்று பார்த்ததும் பதறி ஓடுகிறவர்களும் உண்டு. 31 சதவீதப் பொதுப் பிரிவு எல்லோருக்கும் பொது. பி.சி. மாணவர் தன் ரேங்கினால் அந்த இடத்தைப் பிடித்திருந்தால் ஆணையில் அப்படித்தான் வரும். அது பிழை இல்லை, மனுவும் வேண்டாம்.

எவ்வளவு நியாயம் பேசினாலும் உதவி மையத்தில் தீராத சாதிச் சான்று விஷயமும் ஒன்று உண்டு. கொல்லிமலையில் இருக்கும் மலையாளி பழங்குடியினருக்கு எஸ்.டி. சான்று கிடைக்கிறது, அந்தியூர்ப் பக்கம் பர்கூர் மலையில் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை. எஸ்.டி. பட்டியலில் அந்தச் சமூகத்துக்கு நேராக எழுதியிருக்கும் மாவட்டங்களில் சேலம் இருக்கிறது, பழைய கோயம்புத்தூர் இல்லை. நாமக்கல் சேலத்தில் இருந்து பிரிந்தது, ஈரோடு கோவையில் இருந்து பிரிந்தது. அவ்வளவுதான் காரணம். பட்டியலை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே. கோட்டாட்சியரிடம் கலந்தாய்வு நேரத்தில் மனுவோடு நிற்பதில் அந்த ஆண்டு இடம் வராது. அந்தப் பிள்ளைகள் இப்போது கையில் இருக்கும் சான்றுக்கு உரிய பிரிவிலேயே கல்லூரி விருப்பப் பட்டியலை நன்றாகப் போட்டு வைப்பதுதான் வழி.

அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கை நழுவுவது இன்னொரு வகை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி சேராது. அதற்கு எத்தனை மனுப் போட்டாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. பலருக்குத் தெரியாத ஒரு வழி: கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் 8 வரை படித்து, 9 முதல் 12 அரசுப் பள்ளியில் முடித்தவரும் இதற்குத் தகுதி. அப்படிப்பட்டவரை "மெட்ரிகுலேஷன்ல படிச்சிருக்கீங்க" என்று ஒதுக்கியிருந்தால் கண்டிப்பாக மனுப் போட வேண்டும். தனியார் பள்ளியில் இருந்து அந்த 25 சதவீதத்தில் சேர்ந்ததற்கான சான்று, அரசுப் பள்ளித் தலைமையாசிரியரின் படிப்புச் சான்று இரண்டும் கூடவே போக வேண்டும். இந்த ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதால், இங்கே ஒரு தப்பு நான்கு வருடச் செலவையே மாற்றிவிடும்.

விருப்பப் பட்டியலில் பண்ணின தப்புக்கு மேல்முறையீடு இல்லை. பீளமேட்டில் இருக்கும் பி.எஸ்.ஜி. டெக் வேறு, நீலாம்பூரில் இருக்கும் பி.எஸ்.ஜி. ஐடெக் வேறு. ஒரே கல்லூரிக்குள்ளேயே அரசு உதவிபெறும் பிரிவு வேறு, சுயநிதிப் பிரிவு வேறு; கட்டணம் எக்கச்சக்கமாக வித்தியாசப்படும். பிரவுசிங் சென்டரில் யாரோ ஒருவர் தட்டிக் கொடுத்து லாக் ஆன பிறகு "காலேஜ் கோடு மாறிப்போச்சுங்க" என்றால் யாரும் திறந்து தர மாட்டார்கள்.

மனுப் போடுகிறோம் என்பதற்காகக் கையில் வந்த இடத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஒப்புக்கொண்டு சேரலாம், ஒப்புக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கலாம், வேண்டாம் என்று மேல் விருப்பத்துக்கு மட்டும் காத்திருக்கலாம், அடுத்த சுற்றுக்குப் போகலாம். மனு நிலுவையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் பொருத்தம். உரிய நாளுக்குள் உதவி மையத்தில் பணம் கட்டினால் இந்த இடம் நிற்கும். மேலே கிடைத்தால் பழையது தானாகப் போய்விடும். "ரெண்டையும் பார்த்துட்டு முடிவு பண்றோம்" என்பது நடக்காது. அதனால் பட்டியலில் மேலே இருப்பதெல்லாம் உண்மையிலேயே அதிகம் பிடித்தவைதானா என்று முன்பே யோசித்திருக்க வேண்டும்.

மதிப்பெண்ணே தப்பு என்று சந்தேகம் இருந்தால் அது வேறு கதவு: தேர்வுத் துறை. முதலில் விடைத்தாள் நகல் வாங்க வேண்டும். நகல் வாங்கினவர்தான் மறுமதிப்பீட்டுக்குப் போக முடியும். மூன்று பாடத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டுவது வீண். கணிதத்தில் ஒரு மதிப்பெண் ஏறினால் கட் ஆஃப் ஒன்று ஏறும், மற்ற இரண்டில் அரைதான். நகலைக் கையில் வைத்துக்கொண்டு, பாட ஆசிரியரை உட்காரவைத்து, விடைக்குறிப்போடு பார்க்கச் சொல்லுங்கள். திருத்தாமல் விட்ட பக்கம், கூட்டலில் விட்டுப்போன எண், கூடுதல் தாளைக் கவனிக்காதது ஆகியவை இருந்தால் தைரியமாகப் போகலாம். "இந்த ஸ்டெப்புக்கு இன்னும் ஒன்னு குடுத்திருக்கலாம்" என்ற அளவில் மட்டும் இருந்தால் பணத்தை மிச்சம் பண்ணுங்கள். செய்முறை, அகமதிப்பீடு இவை மறுமதிப்பீட்டில் வராது. ஏறின மதிப்பெண் கலந்தாய்வு லாகினில் வந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும், வராவிட்டால் உடனே எழுத வேண்டும். முடிந்துபோன சுற்றை ஒருவருக்காகத் திரும்ப நடத்த மாட்டார்கள்.

கலை அறிவியல் பக்கம் நிலைமை வேறு. கோவை அரசு கலைக் கல்லூரி, திருப்பூர் சிக்கண்ணா போன்ற அரசுக் கல்லூரிகளில் தரவரிசையும் இட ஒதுக்கீடும் வெளிப்படை. உங்களுக்குக் கீழே உள்ள ரேங்க், அதே பிரிவில், அதே பாடத்தில் இடம் பெற்றிருந்தால் கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் கேட்கலாம். அந்த ஒரு வரிதான் வழக்கே. தனியார் கல்லூரியில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கேட்டது உதவிபெறும் பிரிவா, சுயநிதியா என்பது. உதவிபெறும் பிரிவில் விதிமுறை மீறல் இருந்தால் உங்கள் பகுதிக்கு உரிய கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் வரை போகலாம். சுயநிதியில் மேனேஜ்மென்ட் இடத்துக்கு "ஏன் தரலை" என்று கேட்டு ஜெயிப்பது அரிது.

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2023 மாணவர் குறைதீர் விதிகளைப் பலர் கவனிப்பதில்லை. சேர்ந்த மாணவருக்கு மட்டும் இல்லாமல் சேர விண்ணப்பித்தவருக்கும் அது பொருந்தும். தகுதி வரிசையை மீறிச் சேர்த்தது, இட ஒதுக்கீட்டை மீறியது, அசல் சான்றைப் பிடித்து வைத்தது, பணத்தைத் திருப்பித் தராதது எல்லாம் அதில் குறையாகக் கருதப்படும். கல்லூரியின் குறைதீர் குழு 15 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவருக்கு 30 நாள். கலை அறிவியல் கல்லூரிக்கு, கோவை, திருப்பூர், ஈரோடு என்றால் பாரதியார், சேலம், நாமக்கல் என்றால் பெரியார், கரூர் என்றால் பாரதிதாசன். நாளைக் கூட்டிப் பாருங்கள், இரண்டு மாதம் ஓடிவிடும். இடம் வாங்க இது தாமதமான வழி. பணமும் சான்றிதழும் வாங்க நல்ல வழி.

மனு ஒரு பக்கம் தாண்டக் கூடாது. "என் மகன் சின்ன வயதில் இருந்தே நன்றாகப் படிப்பவன், தறி ஓட்டித்தான் படிக்க வைக்கிறேன், கருணை காட்டவும்" என்று இரண்டு பக்கம் எழுதினால், படிக்கிற அலுவலருக்குச் செய்ய என்ன வேலை இருக்கிறது என்றே புரியாது. இப்படி இருக்கட்டும்: "விண்ணப்ப எண் இது. தரவரிசைப் பட்டியலில் என் பிரிவு ஓ.சி. எனப் பதிவாகியுள்ளது. இணைப்பு 1-இல் உள்ள சாதிச் சான்றின்படி நான் பி.சி. பிரிவைச் சேர்ந்தவர். சான்று விண்ணப்பத்தின்போதே பதிவேற்றப்பட்டது, அதன் ஒப்புகை இணைப்பு 2. பிரிவைத் திருத்தித் தரவரிசையை மறுபடி வெளியிட வேண்டுகிறேன்." முடிந்தது. நேரில் கொடுத்தால் இன்னொரு நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலிலும் ஒன்று போகட்டும். பின்னால் "நீங்க நேரத்துக்குச் சொல்லலையே" என்றால் காட்ட அதுதான் இருக்கும்.

ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் குறைதீர் நாளும் முதலமைச்சரின் 1100 உதவி எண்ணும் சீட் வாங்கித் தரும் இடங்கள் இல்லை. ஆனால் தாலுகா ஆபீசில் சான்று தேங்கி நின்றால், அதை நகர்த்த இவை நன்றாக உதவும். எம்.எல்.ஏ. லெட்டருக்கு ஒற்றைச் சாளரத்தில் மதிப்பே இல்லை. "அப்பீல் கோட்டாவுல வாங்கித் தர்றேன், பாதி முன்பணம்" என்று ஒருவர் வந்தால், அப்படி ஒரு கோட்டாவே கிடையாதுங்க.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி விவரம் கேட்கலாம். பதில் தர 30 நாள். கலந்தாய்வு அதற்குள் பெரும்பாலும் முடிந்திருக்கும். அதை இடம் வாங்க நம்பாமல், வழக்குக்கு ஆதாரம் சேர்க்கப் பயன்படுத்தலாம்.

நீதிமன்றம் என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல்காரர்கள் சென்னைக்குப் போக வேண்டும். கரூர்க்காரர்கள் மதுரைக் கிளைக்கு. பிள்ளைக்கு 18 முடியவில்லை என்றால் பெற்றோர் பாதுகாவலராக மனுதாரர் ஆவார்கள். 2019-இல் எம்.பி.பி.எஸ். சேர்க்கை பற்றிய கிருஷ்ண ஷ்ரத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், மாணவர் மேல் தப்பே இல்லாமல், அதிகாரிகளின் தப்பால் இடம் போய், அவர் தாமதிக்காமல் நீதிமன்றம் வந்திருந்தால், அரிதான நிலைகளில் அந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ இடம் தரச் சொல்லலாம் என்றது. வக்கீல் முதலில் கேட்பது தேதிகளைத்தான்: பட்டியல் என்று வந்தது, மனு என்று கொடுத்தீர்கள், பதில் என்று வந்தது. சீல் போட்ட நகல் இல்லாமல் அவர் முன் உட்காருவது வெட்டி வேலை. வழக்குச் செலவையும், ஒரு வருடத்தையும், அந்தக் கல்லூரிக்கும் கையில் இருக்கும் கல்லூரிக்கும் உள்ள உண்மையான வித்தியாசத்தையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள். ஒரே கிளை, ஊர் மட்டும் பெருந்துறைக்குப் பதில் பீளமேடு என்றால் பெரும்பாலும் வழக்குக்கு வேண்டிய அளவு வித்தியாசம் இல்லை. அரசு இடம் போய் லட்சக்கணக்கில் கட்டணம் என்றால் கணக்கு வேறு.

இதற்கிடையில் வேறு கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்திருப்பீர்கள். மனு ஜெயித்து மாற வேண்டி வந்தால், பொறியியல் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. அந்த ஆண்டு அட்டவணையில் சொல்லும் தேதிக்குள் எழுத்தில் விலகல் கடிதம் கொடுத்துவிட வேண்டும். படிப்பு தொடங்கும் முன் விலகினவரிடம் 1000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கவும் கூடாது. "நாலு வருசக் கட்டணத்தையும் கட்டிட்டு டி.சி. வாங்கிக்குங்க" என்று கவுன்டரில் சொன்னால், அதையே எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தர மாட்டார்கள். தராவிட்டால் அன்றைக்கே குறைதீர் குழுவுக்கு மனு எழுதி ஒப்புகை வாங்கிவிடுங்கள்.