92 கெல்வினில் ஒரு படி: காட்பாடி ஆய்வகத்தில் நான்கு மாதம்

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் எனக்குக் கிடைத்த புராஜெக்ட், மீக்கடத்தியும் (குளிர்வித்தால் மின்தடையே இல்லாமல் போகும் பொருள்) காந்தமின்தடைப் பொருளும் (காந்தத்தால் மின்தடை மாறும் பொருள்) ரேடியோ அலை ஆற்றலை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று அளப்பது. காட்பாடியில் எங்கள் ஆய்வகத்தில் இதற்கென்று கருவி எதுவும் கிடையாது. "நாமே கட்டிக்கலாம்" என்றார் புராஜெக்ட் கைடாக இருந்த மேடம்.

அடிப்படை எளியதுதான். சின்னக் காயில், கெப்பாசிட்டர், இரண்டையும் ஊசலாட வைக்க ஒரு ஐசி. காயிலுக்குள் சாம்பிள். அது கூடுதலாக உறிஞ்சினால், ஊசலாட்டம் அடங்காமல் இருக்க சுற்று கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். அந்த வித்தியாசத்தை மல்டிமீட்டரில் படிக்க வேண்டும். சுற்று எடுப்பது சில மில்லி ஆம்பியர். நாங்கள் தேடியதோ மைக்ரோ ஆம்பியர் மாற்றம்.

பக்கத்து அறையில் ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கினாலே ரீடிங் துள்ளியது. இரண்டு வாரம் அதிலேயே போயிற்று. கடைசியில் சுவர் கரண்ட்டை விட்டுவிட்டு பேட்டரிக்கு மாறினோம். மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் 7805 ரெகுலேட்டரில் 5 வோல்ட் எடுத்து, சுற்றை பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னை எர்த் செய்த பிறகுதான் எண்கள் அடங்கின.

முதல் சாம்பிள், யிட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு என்ற மீக்கடத்தி, அழுத்திச் செய்த சின்ன வில்லையாக (பெல்லட்). 1987-ல் கண்டறியப்பட்டது. சுமார் 92 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தியாகும் என்பதால் 77 கெல்வினில் (மைனஸ் 196 செல்சியஸ்) கொதிக்கும் திரவ நைட்ரஜனே போதும். கேன் வந்து இறங்கியதும் லேப் அண்ணன் ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொண்டார். "இன்னா தம்பி, எங்க ஊர்ல சினை ஊசி போடறவரு எடுத்துனு வர்ற கேன்தானே இது?" அதேதான். ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொன்னதும் அவர்தான். நைட்ரஜன் ஆவியாகும்போது ஏறக்குறைய 700 மடங்கு விரியும். மூடிய அறையில் அது மூச்சுக்கு ஆபத்து.

முதல் ஓட்டத்திலேயே மின்னோட்டம் சட்டென்று இறங்கியது. மகிழ்ச்சியில் கை நடுங்கியது. ஆனால் குளிர்விக்கும்போது ஓர் இடத்தில் இறங்கியது, சூடேறும்போது எட்டு டிகிரி தள்ளி ஏறியது. பொருளில் கோளாறு இல்லை. வெப்பநிலையை அளக்கும் பிளாட்டினம் சென்சார் சாம்பிளை விட்டு விலகி இருந்திருக்கிறது. பூஜ்யம் செல்சியஸில் 100 ஓம், நைட்ரஜனில் 20 ஓம் அளவு காட்டும் சென்சார் அது. அதன் கணக்கு சரி, இருந்த இடம்தான் தப்பு. பிளம்பர் டெஃப்லான் டேப்பால் பெல்லட்டோடு சேர்த்துக் கட்டி, நைட்ரஜன் மட்டத்துக்கு மேலே தூக்கி, தானாக மெல்லச் சூடேற விட்டேன். நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கும் குறைவு. குளிர்வித்த கோடும் சூடேறிய கோடும் 92-க்கு அருகில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

இன்னொரு வேலையையும் மேடம் செய்ய வைத்தார், நான் முனகிக்கொண்டே செய்தேன்: சாம்பிள் இல்லாமல் வெறுங்காயிலுக்கு முழு ஓட்டம். செம்புக் கம்பியும் குளிரக் குளிரத் தடை குறையும், அதனால் மின்னோட்டமும் தானாக நகரும். அந்தக் கோட்டைக் கழிக்காமல் எந்த முடிவையும் எழுதக்கூடாது. இதைச் செய்யாத அளவீட்டை நான் இப்போது நம்புவதில்லை.

அப்புறம் காந்தம். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. 80 கெல்வினில் மீக்கடத்தி அருகே கொண்டுபோனதும் உறிஞ்சல் ஏறியது. பெல்லட்டின் துகள்களுக்கு இடையிலான பலவீனமான இணைப்புகள் சின்ன காந்தப்புலத்துக்கே அறுந்துபோகும், அதனால் இழப்பு கூடும். 100 கெல்வினில் அதே காந்தம், அசைவே இல்லை.

மறுநாள் காந்தமின்தடைப் பொருளான லாந்தனம் ஸ்ட்ரான்ஷியம் மாங்கனைட்டை வைத்தோம். அறை வெப்பத்திலேயே ஃபெர்ரோ காந்தம், நைட்ரஜன் தேவையில்லை. வெளியே ஏப்ரல் வேலூர் வெயில், உள்ளே மின்விசிறியும் நிறுத்தி வைத்திருந்தோம். அதே காந்தத்தைக் கொண்டுபோனேன். எண் இறங்கியது! எடுத்தேன், ஏறியது. பத்து முறை செய்தேன். ஒரே காந்தம், ஒரே காயில், இரண்டு பொருள்கள், எதிரெதிர்த் திசை. சாம்பிளை எடுத்துவிட்டு வெறுங்காயிலிலும் பார்த்தேன், எண் நகரவில்லை. அதற்குப் பிறகுதான் மேடத்தைக் கூப்பிட்டேன்.

இதைச் செய்யப் போகிறவர்கள் மீக்கடத்தி பெல்லட்டை ஓட்டம் முடிந்ததும் வெளியே விடாதீர்கள். நைட்ரஜனிலிருந்து வந்ததும் அதன்மேல் பனித்துளி கட்டும், ஈரம் அந்தப் பொருளை அரித்துவிடும். துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். என் முதல் பெல்லட் வெளியே விட்டதால்தான் வீணாய்ப் போயிற்று.