வாடகைப் படிவத்தில் ஒரு கட்டம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வீடு வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கும் வேலை எனக்கு. வீட்டுக்காரர் நிரப்பித் தரும் படிவத்தில் அறை எத்தனை, டெபாசிட் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, கடைசியில் 'எப்படிப்பட்டவர் குடிவர வேண்டும்' என்று ஒரு கட்டம் வரும். என்ன வேலை, குடும்பமா தனியாளா என்று எழுதுவார்கள் என நினைத்துத்தான் படிவம் அச்சடித்தவர் அதை வைத்திருப்பார். எங்களிடம் வருவதோ பெரும்பாலும் ஒற்றைச் சொல். சீனர். மலாய்க்காரர். இந்தியர் என்று எழுதினால் பக்கத்திலேயே 'வேண்டாம்' என்று சேர்ந்து வருவதும் உண்டு.

இதெல்லாம் வெறுப்புதான் என்று ஒரே அடியாகச் சொல்ல இந்தத் தொழில் என்னை விடவில்லை. மலாய்க்கார வீட்டுக்காரருக்குத் தன் அடுப்படியில் பன்றி இறைச்சி வேகக்கூடாது. தமிழருக்கு மாட்டிறைச்சி வேகக்கூடாது. சீனப் பெரியவருக்குச் சாம்பிராணிப் புகையிலும் ஊதுபத்தியிலும் குறை கிடையாது, அவரே காலை மாலை ஏற்றுகிறவர்; வாடகை பாக்கிதான் பயம். மூன்று பேரும் கடைசியில் ஒரே வாக்கியத்துக்கு வந்து சேர்வார்கள்: "எனக்கு ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ?" அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

தாமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1971-இல் இதைக் கட்டம் போட்ட பலகையிலும் காசுகளிலும் விளையாடிக் காட்டினார். அக்கம்பக்கத்தில் தன்னினத்தார் கொஞ்சம் இருந்தால் போதும், மற்றவர் இருப்பதில் தடையில்லை என்று எல்லோரும் நினைத்தாலும்கூட, ஆளாளுக்கு இடம் மாறி மாறிப் பலகை தனித்தனித் திட்டுகளாகப் பிரிந்துவிடுகிறது. யாருமே அப்படி ஒரு ஊரைக் கேட்கவில்லை. ஆனாலும் அப்படித்தான் அமைகிறது. என் படிவங்களை அடுக்கிப் பார்த்தால் அவர் சொன்னது சரியென்றே படும்.

ஒன்றில்தான் எங்கள் ஊர் அவரோடு ஒத்துப்போகாது. அவருடைய பலகையில் கோடுகளுக்குச் சொந்தக்காரர் கிடையாது. இங்கே கோடு போட்டவர்கள் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். 1913-இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தது. அந்த நிலத்தை மற்றவருக்கு விற்க முடியாது. 1948 ஜூனில் இந்த ஊர்ப்பக்கத் தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேய ஆட்சி அறிவித்த அவசரகாலம் வந்தது. கிளர்ச்சிக்காரருக்கு உதவி போகாமல் தடுக்க 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் (Briggs) திட்டத்தில், காட்டோரம் இருந்த சுமார் 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் கொண்டுவந்தார்கள். தமிழர் ஏற்கெனவே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், கோயில், கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி எல்லாம் தோட்ட எல்லைக்குள்ளேயே. அந்தத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்பனையானபோதுதான், இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, தொழிலாளர் மாதச் சந்தாவிலேயே தோட்டம் வாங்க வழிசெய்தார். நிலம் கையில் இல்லாதவன் எங்கே வசிப்பது என்பதை வேறொருவன்தான் தீர்மானிப்பான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள், லயங்கள் காலியாயின. தோட்டத்துச் சனம் மலிவு விலை வீடுகளுக்கும் பிளாட்டுகளுக்கும் வந்து சேர்ந்தது. கணக்குப் போடுகிறவர் இதை 'கலப்பு கூடியது' என்று எழுதலாம்.

பெருநகரங்களில் இந்தக் கணக்குக்கு வேறுபாட்டுக் குறியீடு என்று ஓர் அளவை உண்டு. 60 என்றால், இரண்டு இனமும் எல்லாப் பகுதியிலும் சரிசமமாகப் பரவ, ஓர் இனத்தில் 100-க்கு 60 பேர் வீடு மாற வேண்டும். அமெரிக்க நகரங்களில் கறுப்பர்-வெள்ளையர் குறியீடு சராசரியாக 1970-இல் 79 அளவில் இருந்தது, 2010-இல் 59 அளவுக்கு இறங்கியது. ஆனால் டிட்ராய்ட், மில்வாக்கி, நியூயார்க், சிகாகோ அப்போதும் 75-க்கு மேலேயே. வாடகை விளம்பரத்தில் இனம் குறிப்பிடுவதை 1968-லேயே அங்கே சட்டம் தடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் இத்தனை மெதுவான இறக்கம்.

அந்த எண்ணைச் சொல்லும்போது எந்த அளவு வட்டத்தில் எண்ணினார்கள் என்று கேட்காமல் நான் நம்பமாட்டேன். எங்கள் ஊரை மொத்தமாக எண்ணினால் மூவினமும் கலந்த அழகான ஊர். தெருத்தெருவாக எண்ணினால் வேறு ஊர். பிளாட்டில் மாடி மாடியாக எண்ணினால் இன்னும் வேறு.

சிங்கப்பூர் 1989-இல் இதை விதி போட்டே சரிசெய்யப் பார்த்தது. வீடமைப்புக் கழக அடுக்குமாடிகளில் ஒவ்வொரு புளோக்குக்கும் இன உச்சவரம்பு. திட்டு சேர்வது தடுக்கப்பட்டது, உண்மைதான். ஆனால் புளோக்கில் சீனர் பங்கு நிறைந்துவிட்டால், தமிழர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைவு, விலையும் இறங்கும். கலப்பின் செலவைச் சிறுபான்மையே கட்டுகிறது. மலாய்க்காரருக்கும் மற்ற பூர்வகுடியினருக்கும் வீடு விற்பனையில் நம் பக்கம் தரும் பூமிபுத்ரா ஒதுக்கீடும் தள்ளுபடியும் 1971-இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கையின் பிள்ளைகள். நோக்கம் வேறு, ஆனால் அங்கேயும் எந்த மனையை யார் வாங்கலாம் என்பதை வரைபடமே முதலில் சொல்லிவிடும்.

சென்ற ஆண்டு ஒரு சீனர் வீட்டைத் தமிழ்க் குடும்பத்துக்குக் காட்டினேன். கூடத்துச் சுவரில், சாமி மேடை இருந்த இடம் சதுரமாகப் புகையேறிக் கறுத்திருந்தது. அந்த அக்கா அதைத் தடவிப் பார்த்து, "இங்கேயே நம்ம முருகனை வெச்சிடலாம் தங்கச்சி, ஆணிகூட அடிக்க வேண்டாம்" என்றார். அடுத்த நிமிடமே, "தமிழ்ப்பள்ளி பஸ் இந்த ரோட்டுக்கு வருமா?" வராது. வீடு வேண்டாம் என்று போய்விட்டார். வீட்டுக்காரர் அந்தக் கட்டத்தைக் காலியாகத்தான் விட்டிருந்தார்.

அதன் பிறகு நான் இனத்தைவிடப் பள்ளியைத்தான் கவனிக்கிறேன். தோட்டத்துப் பள்ளி ஒன்று பிள்ளைகள் குறைந்து தாமானுக்கு (புதுக் குடியிருப்புப் பகுதிக்கு) மாறினால், ஆறு மாதத்துக்குள் வாடகை விசாரிப்பும் அந்தப் பக்கம் திரும்புகிறது. முதலாளியிடம் இதைச் சொன்னேன். படிவத்தில் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டுப் பள்ளி பஸ் தடத்தைப் போடலாமே என்றும் கேட்டேன். படிவம் இன்னும் நிறையக் கட்டு மிச்சமிருக்கிறதாம். பள்ளி மாறப்போகிற தாமானில் மட்டும் இப்போதே வீடு பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.