ரோட்டிலிருந்து வாசல் வரை: நீலகிரியில் வீடு மாற்றும்போது டீக்காசு எவ்வளவு?

கோவையிலோ ஈரோட்டிலோ வீடு மாற்றுகிறவர்கள் வண்டி வாடகையைப் பார்த்து டீக்காசை முடிவு செய்வார்கள். பில் பெரிதாக இருந்தால் கொஞ்சம் கூட, சிறிதாக இருந்தால் கொஞ்சம் குறைய. மலைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. மேட்டுப்பாளையத்திலிருந்து பதினாலு கொண்டை ஊசி வளைவையும் ஏறிச் சாமானைக் குன்னூரில் சேர்ப்பது இன்ஜின். அங்கே ரோட்டோரத்தில் வண்டி நின்ற பிறகு வேலை செய்வது முழங்கால். காசு அந்த முழங்காலுக்குத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரோட்டுக்குக் கீழே அறுபது படி இறங்கிப் போகும் வீடு. உதகை காந்தல், குன்னூர், கோத்தகிரி எங்கும் இது சாதாரணம். ஒரு படி ஏழு அங்குலம் என்றால் மொத்த உயரம் சுமார் பத்தரை மீட்டர், அதாவது மூன்று மாடி. இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான் எண்பது நடைக்குக் குறையாது. நாலு பேர் தூக்கினால் ஆளுக்கு இருபது நடை, ஏறி இறங்கும் உயரம் 210 மீட்டர். உதகை ஊர் இருப்பது சுமார் 2,240 மீட்டரில், தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டரில். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள உயரத்தில் பாதியை ஒருவர் ஒரே நாளில் ஏறி இறங்குகிறார், இறங்கும்போதெல்லாம் தலையில் சுமையோடு. உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கீழிருந்து வண்டியோடு வரும் ஆட்களுக்குப் பத்தாவது நடையிலேயே மூச்சு வாங்கும். அதைச் சோம்பல் என்று நினைத்து விரட்டக் கூடாது.

எவ்வளவு என்பதற்கு முன்னால் எதற்கு என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சண்டை வருவதெல்லாம் இங்கேதான். வண்டி வாடகை ஒன்று. ஏற்று கூலி, இறக்கு கூலி இன்னொன்று. படிகளுக்கும் தூரத்துக்கும் கேட்கும் கூடுதல் கூலி மூன்றாவது. டிரைவர் பேட்டா நாலாவது. இந்த நாலும் பேசி முடிக்க வேண்டிய காசு. டீக்காசு ஐந்தாவது, அது மட்டும்தான் நம் விருப்பம். பேக்கர்ஸ் கம்பெனிக்காரர் போனில் ‘லோடிங் அன்லோடிங் எல்லாம் சேர்த்துத்தான் சார்’ என்பார். அவர் மனதில் இருப்பது வண்டி வாசலில் நிற்கும் வீடு. சாயங்காலம் நாலு மணிக்கு, மஞ்சு இறங்குகிற நேரத்தில், படியைப் பார்த்த ஆட்கள் சாமானை ரோட்டோரம் வைத்துவிட்டு ‘பார்த்துக் குடுங்க’ என்று நிற்பார்கள். அந்த நேரத்தில் கொடுக்கும் ஆயிரமும் இரண்டாயிரமும் டீக்காசு ஆகாது, பேசாமல் விட்ட கூலி. கொடுத்தவருக்கும் எரிச்சல், வாங்கியவருக்கும் திருப்தியில்லை.

அதனால் வண்டி பேசும் முன்பே புது வீட்டுக்கு ஒருமுறை போய்ப் படியை எண்ணுங்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரை நடந்து ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பாதையில் மிகக் குறுகலான இடத்தையும் திருப்பத்தையும் டேப் வைத்து அளந்து சொல்லுங்கள். ஆறரை அடி பீரோ நேர்ப்படியில் இறங்கிவிடும், மூன்றடி அகலப் பாதையில் ‘ட’ போலத் திரும்பும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். பெரிய லாரி அந்த ரோட்டில் திரும்ப முடியாதென்றால் மெயின் ரோட்டில் சாமானைக் குட்டி யானைக்கு மாற்ற வேண்டிவரும். அதற்கு இன்னொரு வாடகை, இன்னொரு ஏற்று கூலி, இறக்கு கூலி. இதெல்லாம் எழுத்தில் இருந்தால் கடைசியில் டீக்காசு மட்டும்தான் மிச்சம்.

இனி தொகை. உள்ளூருக்குள்ளேயே ஒரு படுக்கையறை வீடு, குட்டி யானையில் இரண்டு நடை, வண்டி வாசல் வரை வரும் என்றால் ஆளுக்கு 100 ரூபாய் போதும், டீயும் சாப்பாடும் தனி. இரண்டு படுக்கையறை, டாடா 407 அல்லது பதினாலு அடி ஐச்சர் லாரி, இருபது படிக்குள் என்றால் ஆளுக்கு 200. ஐம்பது அறுபது படி இருந்தால், அந்தப் படிக்குக் கூலி தனியாகப் பேசியிருந்தாலும், 300 கொடுப்பது நியாயம். மழை, நாள் முழுக்க வேலை, பீரோவும் ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷினும் சேர்ந்தால் 500. படிக்கூலி பேசாமலே முகம் சுளிக்காமல் இறக்கி வைத்தார்கள் என்றால் இதை டீக்காசாகக் கணக்கு வைக்காமல் கூலியாகவே இரட்டித்துக் கொடுங்கள். இவை எங்கள் கணக்கு. ஊருக்கு ஊர் ஐம்பது நூறு முன்னே பின்னே இருக்கும். பில் தொகையில் இத்தனை சதவீதம் என்று மட்டும் போகாதீர்கள். பில்லில் டீசலும் டோலும் சேர்ந்திருக்கும், அது தூக்கியவர் கைக்குப் போவதில்லை.

எந்தச் சாமான் உண்மையில் கனம் என்று வீட்டுக்காரர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. ஃபிரிட்ஜ் பெரிதாகத் தெரியும், ஆனால் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் நாற்பது கிலோவை ஒட்டித்தான். ஃபிரண்ட் லோடு மெஷின் இடுப்பளவுதான் இருக்கும், உள்ளே எடைக்கு கான்கிரீட் கட்டி வைத்திருப்பதால் அறுபது கிலோவைத் தாண்டும். அதன் டிரான்சிட் போல்ட்டைத் தேடி மாட்டாமல் ஏற்றினால் வளைவுகளில் டிரம் ஆடி சஸ்பென்ஷன் போய்விடும். இன்வெர்ட்டர் பேட்டரி அதைவிட மோசம். 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல், சாய்க்கவும் கூடாது, சாய்த்தால் ஆசிட் கசியும். ஈரப் படியில் அதை இறக்குகிறவருக்குத் தனியாக ஐம்பது ரூபாய் கொடுத்தால் தப்பில்லை. புத்தகத்தைப் பெரிய அட்டைப்பெட்டியில் அடைப்பது வீட்டுக்காரர் செய்யும் பாவம். முப்பது கிலோ பெட்டியின் அடி, மலைக் காற்றின் ஈரத்தில் ஊறிப் படியில் பிளக்கும். சின்னப் பெட்டி, பெட்டிக்குப் பதினைந்து கிலோ, அவ்வளவுதான். கிரைண்டர் கல்லைக் கழற்றித் தனியாக வையுங்கள். பீரோவைக் காலி செய்து, கண்ணாடி உள்ள கதவைப் போர்வையால் சுற்றிக் கயிறு கட்டுங்கள். இப்படித் தயார் செய்து வைத்தால் அரைமணி நேரம் மிச்சமாகும். அது நூறு ரூபாய் டீக்காசைவிடப் பெரிய உபகாரம்.

யார் கையில் கொடுப்பது? கீழே ஏற்றியவர்களும் மேலே இறக்குகிறவர்களும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். சென்னையிலோ கோவையிலோ ஏற்றிய குழு அங்கேயே நின்றுவிடும், வண்டியோடு டிரைவரும் ஒரு கிளீனரும் மட்டும் வருவார்கள், இங்கே உள்ளூர் லோடுமேன்கள் இறக்குவார்கள். மொத்தத்தையும் கடைசியில் கொடுக்கலாம் என்று இருந்தால் அட்டை சுற்றிக் கட்டிய கைகளுக்கு ஒன்றும் போகாது. ஏற்றி முடித்துத் தார்ப்பாய் கட்டியதும் அங்கே ஒரு பங்கு, இங்கே ஒரு பங்கு. மேஸ்திரி கையில் மொத்தமாகக் கொடுத்தால் பிரிவது அவர் மனதைப் பொறுத்தது. எல்லோரும் நிற்கும்போது ஆளாளுக்குக் கொடுங்கள், மேஸ்திரிக்கு ஐம்பது கூடப் போனாலும் பரவாயில்லை. நூறும் ஐம்பதுமாகச் சில்லறை முதல் நாளே எடுத்து வையுங்கள். எஸ்டேட் பக்கம் சிக்னல் கிடைக்காது, ஜிபேயில் ஒருவருக்கு அனுப்பினால் அது மறுபடியும் மேஸ்திரி கதைதான்.

டிரைவர் தூக்கமாட்டார், ஆனால் அவரை மறக்கக் கூடாது. பேட்டா வாடகையோடு பேசியது, அதற்கு மேல் 200 முதல் 300 வரை. வேலை முடியும்வரை வண்டியை ஏற்றமான இடத்தில் முட்டுக்கல் வைத்து, பின்வண்டிகளின் ஹாரனைக் கேட்டுக்கொண்டே மூன்று மணி நேரம் நிற்பவர் அவர். மைசூர் பக்கமிருந்து வரும் வண்டி என்றால் பந்திப்பூரில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை பாதை அடைப்பு. ஒன்பதுக்குள் கேட்டைத் தாண்டாவிட்டால் ஒரு இரவு போயிற்று. அந்த இரவுப் பேட்டாவை யார் கொடுப்பது என்று முன்னாலேயே பேசுங்கள். 2024 மே 7 முதல் வெளியூர்ப் பதிவெண் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது, நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிகளுக்கு வேண்டியதில்லை. பாஸ் எடுப்பது யார் வேலை என்பதையும் அதே போனில் கேட்டுவிடலாம். சீசனில் குன்னூர் வழி ஏற்றம், கோத்தகிரி வழி இறக்கம் என்று ஒருவழி ஆக்குவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் முடிந்தவரை வீடு மாற்றாதீர்கள். முடியாதென்றால் விடிகாலையில் குன்னூர் மலைப்பாதையில் இருக்கும் பர்லியாரைத் தாண்டுவது போல வண்டியைக் கிளப்பச் சொல்லுங்கள்.

மழையும் பக்கம் பார்த்துப் பெய்யும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், நடுவட்டம், உதகைப் பக்கம். அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம், மேட்டுப்பாளையம் ரோட்டில் மண்சரிவும் அப்போதுதான். அந்த மாதங்களில் மெத்தைக்கும் மரச்சாமானுக்கும் தனித் தார்ப்பாய் கேளுங்கள். படியில் பாசி இருந்தால் முதல் நாளே சுண்ணாம்பு போட்டுத் தேயுங்கள், அல்லது சாக்கு விரியுங்கள். லோடுமேன் வழுக்கி விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு முன்னால் டீக்காசுப் பேச்சு எதற்கு?

சாப்பாடு டீக்காசுக்குப் பதில் ஆகாது, டீக்காசும் சாப்பாட்டுக்குப் பதில் ஆகாது. பதினோரு மணிக்கு டீயும் வர்க்கியும், ஒரு மணிக்குச் சோறு, நாலு மணிக்கு மறுபடி டீ. தண்ணீருக்கு பிளாஸ்டிக் பாட்டில் கீழிருந்து வாங்கி வராதீர்கள், கல்லாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். அபராதமும் உண்டு. ஒரு குடத்தில் வெந்நீரும் நாலு டம்ளரும் வாசலில் வைத்தால் போதும். ‘குளிருக்கு’ என்று தலையைச் சொறிந்துகொண்டு சிலர் கேட்பார்கள். காசாகக் கொடுங்கள், வேலை முழுக்க முடிந்த பிறகு. டிரைவருக்கு அந்தப் பேச்சே வேண்டாம், அவர் வளைவெல்லாம் இறங்கிப் போக வேண்டியவர்.

ஏதாவது உடைந்திருந்தால்? அவசரப்பட்டு டீக்காசைப் பிடிக்காதீர்கள். கம்பெனி வண்டி என்றால் இறக்கிய இடத்திலேயே போட்டோ எடுத்து, டெலிவரி சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நஷ்டஈடு கம்பெனியிடம் கேட்பது. நாற்பது பெட்டியைப் பத்திரமாக இறக்கியவரிடம் ஒரு குக்கர் கைப்பிடிக்காகக் கணக்குப் பார்ப்பது அழகில்லை. கண்ணெதிரே பெட்டியைத் தூக்கிப் போடுகிறவருக்குக் கொடுக்கத் தேவையுமில்லை, அது வேறு.

பந்தலூர், கூடலூரிலிருந்து கேரளத்துக்கு மாறுகிறவர்களுக்கு ஒன்று. அங்கே தூக்காமல் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் கேட்கும் நோக்குக்கூலி 2018 மே 1 முதல் ஒழிக்கப்பட்டது. யாராவது கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

இறக்கி முடித்ததும் ஃபிரிட்ஜை உடனே போடாதீர்கள், படியில் சாய்ந்து வந்திருக்கும், நாலு மணி நேரமாவது நிமிர்ந்து நிற்கட்டும். கட்டில் பூட்டித் தர வேண்டுமென்றால் ஆட்கள் கிளம்பும் முன்பே கேளுங்கள், பூட்டிய பிறகு காசைக் கொடுங்கள். காலி அட்டைப்பெட்டிகளை லோடுமேன்கள் கேட்டால் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். பழைய பேப்பர் கடையில் அவர்களுக்கு நாலு காசு வரும். உங்களிடம் இருந்தால் ஒரு வாரத்தில் பூசணம் பிடித்து எரிக்கக்கூட ஆகாது.