பாம்பன் நாட்குறிப்பு: இந்த வருடம் பிடித்த நாவல்கள்

டிசம்பர் 15, திங்கள்

வருடம் முடிவதற்குள், படித்த நாவல்களில் மனசுக்கு நெருக்கமானவற்றைப் பற்றி எழுதி வைத்துவிட வேண்டும். பெரும்பாலும் கடற்கரை நாவல்களாகவே தேடிப் படித்தேன். பாம்பனில் இருந்துகொண்டு படித்தால் நம்ம கரையோடு ஒப்பிடாமல் இருக்க முடிவதில்லை.

முதலில் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. 1977இல் வந்தது. நாட்டுப்படகான வல்லத்தில் போகிறவர்களும் விசைப்படகான லாஞ்சில் போகிறவர்களும் மோதிக்கொள்ளும் ஊர். இங்கே பாக் நீரிணையில் அதே சண்டைக்குக் கிழமை பிரித்துத்தான் தீர்வு கண்டார்கள்: திங்கள், புதன், சனி விசைப்படகு, மற்ற நாட்களில் நாட்டுப்படகு. அதனால் நாவலில் வரும் வல்லக்காரர் குரூஸ் மிக்கேலை எனக்கு நேரிலேயே தெரியும் போலிருந்தது. வீட்டையும் வல்லத்தையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான் மகன். மனுஷன் அசைய மறுக்கிறார். மகள் பிலோமிக்கு நேர்வது பெரிய துரோகம், ஆனால் அவளுக்கு யார்மீதும் வெறுப்பு வருவதில்லை. இதை நம்பும்படி எழுதுவது லேசான காரியமில்லை. சின்னப் புத்தகம்தான், ஒரு சாயங்காலம் போதும்.

டிசம்பர் 17, புதன்

வேலையாக வாலிநோக்கம் போய் வந்தேன். மழைக்காலம், உப்பளப் பாத்திகள் தண்ணீரோடு கிடக்கின்றன. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நினைவுக்கு வந்தது. தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் போய், தொழிலாளர்களோடு பேசிப் பழகி எழுதிய நாவல். வெள்ளை வெயிலில் கண் கெடுவது, உப்புநீரில் கால் வெடிப்பது, கூலிக்குப் போகும் பெண்ணிடம் மேலே இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளும் உரிமை, எல்லாம் உப்பள வேலைக்குப் போகும் பொன்னாச்சி வழியாக வருகிறது. பின்பகுதியில் கொஞ்சம் பிரசங்கம் ஏறுகிறது. அதற்காக இதை ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

டிசம்பர் 20, சனி

பக்கத்து வீட்டு அக்கா கடற்பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி, கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் பறித்து வருவார். அவரிடம் மலையாள எழுத்தாளர் தகழியின் 'செம்மீன்' கதையைச் சொன்னேன். நான் படித்தது சுந்தர ராமசாமியின் தமிழாக்கம். கடலுக்குப் போன கணவனின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் இருக்கிறது என்ற நம்பிக்கையைச் சொன்னதும் அக்கா கேட்டார்: "நானுந்தானேப்பா கடலுக்குள்ள போறேன். என் உசுரு யாரு கையில இருக்கு, வீட்டுல இருக்க உங்க மாமா கையிலயா?"

நாவலின் நாயகி கறுத்தம்மாவுக்கு இப்படி ஒரு அக்கா பக்கத்தில் இருந்திருக்கலாம். இருந்தாலும் நாவல் என்னை விடவில்லை. அவள் காதலன் பரீக்குட்டியிடம் வாங்கிய பணத்தில் தோணியும் வலையும் சேர்த்த அவளுடைய அப்பா செம்பன்குஞ்சு, கடனைத் தீர்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாக மாறுவதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

டிசம்பர் 22, திங்கள்

1964இல் இதே இரவில்தான் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலும் அதோடு போனது. ஊர்ப் பெரியவர்கள் இந்தத் தேதியில் அதிகம் பேசுவதில்லை.

இந்த வருடத்தில் எனக்கு மிகப் பிடித்தது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. அதில் தொங்கான் என்ற பாய்மரக் கப்பல் புயலில் மாட்டும் பகுதியை இன்று மறுபடி எடுத்தேன். சாதாரண வாக்கியங்கள் அறுந்து, வினைச்சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வருகின்றன. புயலை வர்ணிக்காமல் மொழியையே ஆட வைக்கிறார்.

சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். அன்றைக்கு அது ராமநாதபுரம் ஜில்லா. பதினெட்டு வயதில் சுமத்ராவிலுள்ள மேடானுக்குப் பிழைக்கப் போனார், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு திரும்பி மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். எழுதியது இரண்டே நாவல். 'புயலிலே ஒரு தோணி' அச்சானது 1972இல்.

ஜப்பானியர் மேடானுக்குள் நுழைவதில் தொடங்குகிறது கதை. நாயகன் பாண்டியன் சுமத்ராவில் நின்றுகொண்டு தன் ஊரான சின்னமங்கலத்தையும் மதுரைத் தெருக்களையும் கடை கடையாக நினைத்துப் பார்க்கிறான். அந்தப் பக்கங்களில் எனக்குத் தொண்டை அடைத்தது. இந்த வறண்ட சீமையில் கடல் தாண்டிப் போன ஒருத்தராவது இல்லாத குடும்பம் குறைவு. அன்று பர்மா, மலேயா, இன்று வளைகுடா. போனவர்கள் அனுப்பிய பணத்தைப் பற்றி வீட்டில் பேசுவார்கள். அவர்கள் மனசுக்குள் என்ன ஓடியது என்பதை நான் இந்த நாவலில்தான் பார்த்தேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) பற்றியும் சொல்ல வேண்டும். நடுக்கடலில் தத்தளிக்கும் மூன்று பேரையும் கரையில் கழிந்த தலைமுறைகளையும் மாற்றி மாற்றிச் சொல்லும் பெரிய நாவல். பரதவர் பேச்சு முதலில் தடுக்கும், விடாமல் போங்கள். காற்று, நீரோட்டம், மீன் பற்றிய அறிவு இத்தனை அடர்த்தியாக நான் படித்த வேறு தமிழ் நாவலில் இல்லை.

சிங்காரத்தைப் புதிதாகப் படிப்பவர்கள் அவருடைய முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' எடுப்பது நல்லது. அதே போர்க்காலம்தான், ஆனால் செல்லையா, மரகதம் கதை நேராகப் போகிறது. அதை முடித்துவிட்டுத் தோணியில் ஏறினால் பாண்டியன் பேசுவது பிடிபடும்.