ஒரே ஸ்பிரிட், இரண்டு வேலை: பழைய சிங்கர் மிஷினைச் சீரமைத்த கதை

பெரியம்மா வீட்டுப் பின்கட்டில் நெடுங்காலமாகத் துணி மூட்டைகளைச் சுமந்துகொண்டிருந்த சிங்கர் கால்மிஷின், அதன் மேசையோடு என் வீட்டுக்கு வந்தது. வரிசை எண் ‘ஒய்’ என்ற எழுத்தில் தொடங்கியதால், அது 1920களிலோ 1930களின் முற்பகுதியிலோ ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் உருவானது என்று தெரிந்துகொண்டேன். 1885இல் திறக்கப்பட்ட அந்த ஆலை 1980இல் மூடப்பட்டுவிட்டது.

சக்கரம் அசைய மறுத்தது. இவ்வகை மிஷின்களில் உடைந்த பாகம் இருப்பது அரிது. பழைய எண்ணெய் காய்ந்து பிசினாக இறுகியிருப்பதே பெரும்பாலும் காரணம். எண்ணெய்த் துளைகளில் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, சக்கரத்தை வலிந்து திருப்பாமல் முன்னும் பின்னும் மெல்ல அசைத்துவந்தபோது இறுக்கம் படிப்படியாகத் தளர்ந்தது. பிறகு புது மிஷின் எண்ணெய் விட்டேன். ஊசித்தட்டைக் கழற்றியபோது, துணியை நகர்த்தும் பற்களுக்கடியில் பஞ்சுத்தூசி கம்பளிபோல் கெட்டிப்பட்டிருந்தது. தையல் சீராக வராததற்கு அதுவே போதுமான காரணம்.

இரும்பைவிட அதன் மேற்பூச்சுதான் என்னை அதிகம் அச்சுறுத்தியது. கறுப்பு உடலின் மீதுள்ள பொன்னிறச் சித்திரங்களைக் காப்பது அரக்கினாலான மெல்லிய பூச்சு மட்டுமே. ஸ்பிரிட் (எரிசாராயம்) பட்டால் அந்தப் பூச்சு கரைந்துவிடும். சித்திரமும் உடன் போய்விடும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் ஆபத்தானதே. ஆகவே மிஷின் எண்ணெயில் நனைத்த பழைய பருத்தித் துணியை மட்டும் பயன்படுத்தி, அழுக்கு இளகும்வரை பொறுமையாகத் துடைத்தேன். முழுவதற்கும் புதுப் பெயின்ட் அடித்துவிடலாம் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். துணி உராய்ந்து தேய்ந்த இடங்கள் அப்படியே இருக்கட்டும் என்பது என் பிடிவாதம்.

மேசையின் கதை நேர்மாறானது. அதன் மறைவான ஒரு மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பார்த்தபோது பூச்சு இளகி ஒட்டியது. மரத்துக்குப் பூசப்பட்டிருந்ததும் அரக்கு பாலிஷ்தான். மிஷினுக்குப் பகையான ஸ்பிரிட் இங்கே மருந்தானது: வெடித்து மங்கிய பழைய பூச்சின் மேல் தூரிகையால் மெல்லத் தடவினால், அது கரைந்து தானாகவே மறுபடி ஒன்றுசேர்கிறது. இதனாலேயே, கீல்களின் பின்புறத் திருகுகளைத் தளர்த்தி மிஷினைத் தனியே தூக்கி வேறு அறையில் வைத்த பிறகே ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தேன். மேசையின் ஓரங்களில் கிளம்பியிருந்த மெல்லிய மர மேல்தகடு, வஜ்ரம் என்ற தச்சுப் பசையால் முன்பு ஒட்டப்பட்டிருந்தது. ஈரத்துணி விரித்து மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியை வைத்து, உடனே பலகையும் பாரமும் ஏற்றியதில் பழைய வஜ்ரமே இளகி மீண்டும் பிடித்துக்கொண்டது. பிடிக்காத இரண்டோர் இடங்களுக்கு மட்டும் புதிதாகக் காய்ச்சித் தடவினேன்.

தோல் வாரை மட்டும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. தோல் நாளடைவில் நீளும் என்பதால் சற்று இறுக்கமாகவே வெட்டிக் கம்பிக் கொக்கியால் இணைத்தேன். சக்கரத்தின் நடுத்திருகுக்கு அடியிலுள்ள காதுவளையத்தை (காதுபோன்ற நீட்சிகள் கொண்ட வாஷரை) கழற்றுவோர் அது இருந்த திசையைக் குறித்துக்கொள்வது நல்லது. மாற்றிப் போட்டால், பாபின் சுற்றும்போது சக்கரம் தனியே சுழலாமல் ஊசியும் சேர்ந்தே ஓடும். அவ்வாறானால் வளையத்தை அரைவட்டம் திருப்பிப் போட்டாலே சரியாகிவிடும். இப்போது பருத்தித் துணியில் தையல் ஒழுங்காக விழுகிறது. இடப்பக்க டிராயரின் பூட்டுக்குத்தான் இன்னும் சாவி அமையவில்லை.