பெட்டி வராது என்று 326 பேருக்குச் சொன்ன கதை

எங்கள் கம்பெனியின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது என்று ஆடிட்டர் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினார். கம்பெனி உண்மையில் செத்தது 2022 மே மாதம். அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் நடந்ததெல்லாம் காரியம்தான். அந்தக் காரியம் எப்படி நடந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். இதே நிலைமையில் இப்போது யாராவது தூக்கமில்லாமல் இருந்தால் உதவும்.

முதலில் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். காரைக்குடியைச் சுற்றிப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் எத்தனை என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். ஒரே வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள். ஒரு மூலையில் ஓடு சரிந்து ஒழுக ஆரம்பித்தால், அடுத்த கல்யாணத்துக்கோ முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ வந்து கதவைத் திறக்கும்போதுதான் தெரியும். அதற்குள் பர்மா தேக்கு உத்தரம் ஊறிப் போயிருக்கும். ஈரம், கதவு, கரண்ட் மூன்றையும் கவனித்து போனுக்குச் செய்தி அனுப்பும் ஒரு சின்னப் பெட்டி, அதுதான் எங்கள் பொருள். அந்தச் சுவர்களின் கனத்துக்கு வைஃபை இரண்டாம் கட்டைத் தாண்டாது. அதனால் இந்தியாவில் லைசென்ஸ் தேவைப்படாத 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், குறைந்த கரண்டில் வெகுதூரம் போகும் லோரா ரேடியோ வைத்தோம். நாங்கள் இரண்டு பேர். இருவரும் அழகப்பா இன்ஜினீயரிங் கல்லூரியில் ஒரே பெஞ்ச். செக்காலை ரோட்டில் ஒரு மாடி அறைதான் ஆபீஸ்.

பொருள் செய்யும் முன்பே மக்களிடம் பணம் திரட்டித் தரும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் இந்தியாவிலிருந்து திட்டம் போட முடியாது. எனவே இங்கிருக்கும் அதே மாதிரித் தளம் ஒன்றில் 2021 ஜனவரியில் போட்டோம். பெட்டி 6,900 ரூபாய். 45 நாளில் 386 பேர், ஆளுக்கு ஒன்று. மொத்தம் 26,63,400. தளத்தின் கமிஷனும், ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் கேட்வேயின் கட்டணமும் போகக் கையில் வந்தது 24 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

வீடியோவில் நான் பெருமையாக ஒன்று சொன்னேன். பலர் சேர்ந்து பணம் போட்டு ஒரு காரியம் செய்வது செட்டிநாட்டுக்குப் புதிதில்லை, கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாக எண்ணி, புள்ளி வரி போட்டுத்தான் இங்கே கோயில் காரியம் நடக்கிறது என்று. கைதட்டல் வாங்கிய வசனம். எல்லாத் தப்பும் அதிலிருந்துதான் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரிய ஒன்றரை வருஷம் ஆயிற்று.

பணம் எப்படிக் கரைந்தது? 6,900 ரூபாய்க்குள்ளேயே 18 சதவீத ஜிஎஸ்டி உட்கார்ந்திருக்கிறது என்பதை நாங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. பெட்டிக்கு 1,050 ரூபாய்க்கு மேல் அரசாங்கத்துடையது, மொத்தத்தில் நாலு லட்சம். பொருளுக்கு வாங்கும் முன்பணத்துக்கு அப்போதே வரி கட்ட வேண்டாம், பில் போடும்போது கட்டினால் போதும் என்று 2017 நவம்பரிலிருந்து விதி. நல்ல விதிதான். ஆனால் அந்த நாலு லட்சமும் பேங்கில் எங்கள் பணம் மாதிரியே படுத்துக் கிடந்தது. அப்புறம் சிப் தட்டுப்பாடு. 2020 டிசம்பரில் 190 ரூபாய்க்கு விலை கேட்டு வைத்திருந்த மைக்ரோகன்ட்ரோலர், அதாவது பெட்டிக்கு மூளையான சிப், அடுத்த ஜூலையில் 1,150. உலகமே தவித்த சமயம், எங்களுக்கு மட்டும் தனி விலையா கிடைக்கும்? பயந்துபோய் இன்னும் ஏறும் என்று 240 சிப் வாங்கி வைத்தோம்.

மூன்றாவது, அச்சு. கோயம்புத்தூரில் பிளாஸ்டிக் உறைக்கு அச்சு செய்ய 5,80,000 ரூபாய். முதல் 60 பெட்டிகள் 2021 நவம்பரில் வீடுகளுக்குப் போயின. அந்த நவம்பர் மழை நினைவிருக்கும். கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் வளவுத் தூணில் மாட்டியிருந்த பெட்டி, ராத்திரி இரண்டு மணிக்குச் சிங்கப்பூரிலிருந்த வீட்டுக்காரரை எழுப்பிவிட்டது. அவர் என்னை எழுப்பினார். நான் வாட்ச்மேனை எழுப்பினேன். அவர் டார்ச்சோடு சுற்றிவிட்டு வந்து, "தம்பி, முத்தத்துல மழை விழுது. முத்தம்னா விழத்தானே செய்யும்?" என்றார். வானம் பார்த்த முற்றம் உள்ள வீட்டில் எவ்வளவு ஈரம் இயல்பு என்று நாங்கள் அளந்ததே மூடிய அறைகளில்தான்.

அதையாவது சாஃப்ட்வேரில் சரி செய்துவிட்டோம். டிசம்பரில் பெட்டிகள் ஒவ்வொன்றாக ஊமையாக ஆரம்பித்தன. திரும்பி வந்த ஒன்றின் மூடியைக் கழற்றினால், பேட்டரி இணைப்பின் பித்தளைக் காலில் பச்சை பூத்திருந்தது. ஈரம் உள்ளே போகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் உட்காரும் பள்ளம் 2 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். வெர்னியர் 2.5 காட்டியது. வளையம் அழுந்தாமல் சும்மா உள்ளே படுத்திருந்தது. அச்சுக்காரரிடம் சண்டை போடலாம் என்று வரைபடத்தை எடுத்தேன். அதிலேயே 2.5 என்றுதான் இருந்தது. கீழே கையெழுத்து என்னுடையது.

60 பெட்டியில் 41 திரும்பின. சிலிக்கோன் பூசி அனுப்பினோம். இன்னும் 326 பேருக்குப் பெட்டி தர வேண்டும். அச்சைத் திருத்தவும் மீதிச் சாமானுக்கும் குறைந்தது 14 லட்சம் தேவை. பேங்கில் 3,80,000. போர்டு அசெம்பிள் செய்தவருக்கு அதிலேயே 1,90,000 பாக்கி.

அந்த நேரத்தில் மதுரைக் கடைக்காரர் ஒருவர் 40 பெட்டியை 9,000 விலையில் உடனே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கூட்டாளிக்கு ஆசை. எனக்கும்தான், பொய் சொல்ல மாட்டேன். அன்று ராத்திரிதான் கூலஸ்ட் கூலர் கதையைப் படித்தேன். 2014-ல் கிக்ஸ்டார்ட்டரில் 62,000 பேருக்கு மேல் சேர்ந்து 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்த ஐஸ் பெட்டி. பணம் போதாமல், முன்பணம் கட்டியவர்கள் காத்திருக்கும்போதே அமேசானில் விற்றார்கள். 2019 டிசம்பரில் மூடியபோதும் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பெட்டி போய்ச் சேரவில்லை. வேல்ஸில் ஜானோ என்ற ட்ரோன் திட்டம் 23 லட்சம் பவுண்டு வாங்கி 2015 நவம்பரில் விழுந்தபோது, என்னதான் நடந்தது என்று கண்டுபிடிக்கக் கிக்ஸ்டார்ட்டரே ஒரு பத்திரிகையாளரை அமர்த்த வேண்டியிருந்தது. நம் கணக்கை வெளியாள் தோண்ட வேண்டாம், நாமே விரித்து வைத்துவிடலாம் என்று காலையில் கூட்டாளியிடம் சொன்னேன். அரை மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிடா" என்றான்.

ஆடிட்டரிடம் போனது ஏப்ரல் கடைசியில். பணம் வந்த தேதியை மட்டும் பார்த்தார். "ஒரு வருஷம் தாண்டிருச்சே தம்பி. இது இப்ப டெபாசிட்" என்றார். புரியவில்லை. பொருளுக்கென்று வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துக் கழிக்காவிட்டால், கம்பெனிச் சட்டத்தின் டெபாசிட் விதிப்படி அது பொதுமக்களிடம் வாங்கிய வைப்புத்தொகையாகப் பார்க்கப்படும். விதியை மீறி டெபாசிட் வாங்கினால் இயக்குநர்களுக்குச் சிறை வரை இருக்கிறது. தளத்தில் பணம் திரட்டும் எந்தத் தம்பிக்காவது இந்த ஒரு விதி தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். நாங்கள் மூன்று முறை தேதியைத் தள்ளிப்போட்டபோது எங்களுக்கும் தெரியாது.

வக்கீல் வேறு வழி காட்டினார். திவால் சட்டத்தில் ஒரு கோடி ரூபாய் பாக்கி இருந்தால்தான் கடன் கொடுத்தவர் மனுப் போட முடியும், 2020-லிருந்து அப்படி. ஆளுக்கு 6,900-ஐ வைத்துக்கொண்டு யாரும் கோர்ட்டுக்கு வர மாட்டார்கள், கையை விரித்துவிடுங்கள் என்றார். சென்னையில் இருந்திருந்தால் செய்திருப்பேனோ என்னவோ. இங்கே கொப்புடையம்மன் கோயில் வாசலில் செருப்பு விடும்போது பக்கத்தில் நிற்பவர் நம்மிடம் பெட்டிக்குப் பணம் கட்டியவராக இருப்பார்.

கடிதத்தை ஐந்து தடவை எழுதினேன். முதல் நான்கில் சிப் தட்டுப்பாடுதான் வில்லன். ஐந்தாவதில் ஒரு பக்கக் கணக்கு, பள்ளத்தின் அளவைத் தப்பாகப் போட்டது நான் என்ற ஒரு வரி, பெட்டி வராது என்ற ஒரு வரி. பணம் வேண்டும் என்றால் மாதாமாதம் திருப்புவோம், வேண்டாம் என்றால் எழுத்தில் தாருங்கள் என்று முடித்தேன். அனுப்பிவிட்டுப் போனை அணைத்து மொட்டை மாடியில் படுத்துக்கொண்டேன்.

திட்டு வந்தது. ஒருவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். ஓய்வு பெற்ற இன்ஜினீயர் ஒருவர் ரப்பர் வளையத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று மூன்று பக்கம் எழுதியிருந்தார், கோபமாக. ஆனால் எல்லாமே சரி. இரண்டு வாரத்தில் 118 பேர் பணம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மிச்சம் 208.

பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நேரில் போய்ச் சொன்னோம். பள்ளத்தூரில் ஓர் ஆச்சி. எழுபது வயது இருக்கும். சீயமும் காபியும் கொடுத்து முழுக்கக் கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். கோடு போட்ட நோட்டு, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. எங்கள் 6,900 அதில் இருந்தது, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் காலியாக.

"தம்பி, ஒன்னு சொல்லுங்க. நான் கொடுத்தது மகமையா, முன்பணமா?"

நான் விழித்தேன்.

"மகமைன்னா கோயிலுக்குக் கொடுத்த மாதிரி. திருப்பிக் கேக்க மாட்டேன். முன்பணம்னா இந்தக் கணக்கு முடியணும். நீங்க என்னன்னு நெனச்சு வாங்கினீங்களோ அதைச் சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

வாங்கும்போது என்ன நினைத்தோம்? ஆதரவு என்று நினைத்தோம். வீடியோவில் புள்ளி வரி என்றே சொன்னோம். ஆனால் பக்கத்தின் அடியில் 'பெட்டி ஆகஸ்டில் வரும்' என்று விலையும் போட்டிருந்தோம். ஆடிட்டரின் 365 நாள் விதி கேட்டதும் இதே கேள்வியைத்தான். "முன்பணம் ஆச்சி" என்றேன். எழுதிக்கொண்டார். மறுநாள் அந்த 118 பேருக்கும் திரும்ப எழுதினேன், பரிதாபப்பட்டு விட்டுக்கொடுத்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று. ஒருவரும் மாற்றவில்லை. ஆடிட்டர் மட்டும் தலையில் அடித்துக்கொண்டார்.

பேங்கில் மிஞ்சியது போக, பணமாக மாறியது சிப் ஒன்றுதான். 2022 நடுவில் அந்த விலை இன்னும் இறங்கவில்லை. பயந்து வாங்கி வைத்ததை ஏறக்குறைய வாங்கிய விலைக்கே பில் போட்டு விற்றோம், 2,60,000 வந்தது. 5,80,000 ரூபாய் அச்சு பழைய இரும்புக்குப் போனது. தராசில் 180 கிலோ காட்டியது, கையில் 8,100 ரூபாய். முதல் தவணையில் 66 பேருக்குத் திருப்பினோம், வயதானவர்களுக்கு முதலில். மிச்சம் 142 பேர், 9,79,800 ரூபாய். கூட்டாளி பெங்களூருக்கும் நான் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போனோம். இரண்டு சம்பளத்திலிருந்தும் மாதம் ஆறு பேருக்குக் கொடுக்க முடியும். யார் முதலில்? அம்மாதான் வழி சொன்னாள்: "சீட்டு மாதிரி குலுக்குங்கடா." முதல் ஞாயிற்றுக்கிழமை, எவர்சில்வர் சொம்பு, மடித்த துண்டுச் சீட்டுகள், பக்கத்து வீட்டுப் பாப்பா கையை விட்டு எடுப்பாள், வீடியோ எல்லாருக்கும் போகும். நோட்டீஸ் விட்ட ஆளே மூன்றாவது மாதம், "என் பேர் கடைசியா வந்தாலும் பரவாயில்லை" என்று எழுதினார். 24 குலுக்கல்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிஎஸ்டி எண்ணை ரத்து செய்தபின் மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்ன் போட வேண்டும். வியாபாரம் இல்லை என்றாலும் கம்பெனிப் பதிவாளருக்கு வருஷா வருஷம் ஏஓசி-4, எம்ஜிடி-7ஏ என்று இரண்டு படிவம் போட வேண்டும். தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். ஒரு வருஷம் 47 நாள் மறந்து, இரண்டு படிவத்துக்கும் சேர்த்து 9,400 கட்டினோம். பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க எஸ்டிகே-2 என்ற படிவம், கட்டணம் 10,000. வியாபாரம் இல்லாமல் இரண்டு நிதியாண்டு ஓடியிருக்க வேண்டும், ஒரு பைசா பாக்கி இருக்கக் கூடாது. 2023 மே முதல் இந்த விண்ணப்பங்களெல்லாம் ஹரியானாவில் மானேசருக்குப் போகின்றன.

அந்த 'ஒரு பைசா பாக்கி'யில்தான் மாட்டினோம். 24-வது குலுக்கல் முடிந்தபோது ஒருவர் மட்டும் மிச்சம். தேவகோட்டை விலாசம். போன் எடுப்பாரில்லை, பேங்க் கணக்கு மூடியிருந்தது. இரண்டு தடவை போனேன், வீடு பூட்டு. மூன்றாவது தடவை எதிர்வீட்டுக்காரர், பெரியவர் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகிறது என்று சொல்லி மலேசியாவிலிருக்கும் மகனின் எண்ணைக் கொடுத்தார். அப்பா இப்படி ஒரு பெட்டிக்குப் பணம் கட்டியதே மகனுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாங்க புள்ளியா இருக்கிற நகரக் கோயில் வைரவன்பட்டி. அப்பா பேர்ல அங்கயே கட்டிருங்க" என்றார்.

ஆடிட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. வாரிசு சான்றிதழ் நகலும், மகன் கையெழுத்திட்ட கடிதமும் வந்த பிறகுதான் சரி என்றார். கோயிலில் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டு நேராக அவர் ஆபீசுக்குப் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை என்னன்னு எழுதறது? நன்கொடைன்னு வருதே."

"முன்பணம் திருப்பினதுன்னு எழுதுங்க சார்" என்றேன்.